ரீடிங்

மேலமடைப் பக்கம், ஒரு மாடி கீழே,
சன்னல் இல்லாத அறை.
ஈயப் பெட்டியைத் திறக்கும் முன்
அனீஸ் பாத்திமா என் பெயரைக் கேட்டாள்,
பிறந்த தேதி கேட்டாள்,
மறுபடி பெயரைக் கேட்டாள்.
கனகவல்லி என்றேன் இரண்டு தடவையும்.
இருபத்தாறு வருஷம் நானும் இப்படித்தான் கேட்டேன்:
சர்வீஸ் நம்பர் என்ன, யார் பேர்ல இருக்கு?

செல்லூர் சந்துகளில் மீட்டர் கணக்கெடுத்தவள் நான்.
மாடிப்படிக்கு அடியில் வைத்திருப்பார்கள்,
கோழிக்கூண்டுக்கு மேலே,
ஒரு வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால்.
எந்த நாய் குரைக்கும், எது கடிக்கும்
என்பதெல்லாம் ஏட்டில் ஏறாத கணக்கு.

எலும்புக்குள் வலி என்றுதான் போனேன்.
தேய்மானம் என்றார் ஒருவர்.
ஒரு மழைக்காலம் முழுக்கச் சுண்ணாம்பு மாத்திரை.
ரத்தத்தைப் பார்த்த பிறகு சொன்னார்கள்:
எதிர்ப்பொருள் செய்து தரும் செல்களே
மஜ்ஜைக்குள் தறிகெட்டுப் பெருகிவிட்டன.
காவல்காரன் கையில் கன்னக்கோல்.

சர்க்கரை ஏற்றி எடுத்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை.
"தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமில்லம்மா"
டாக்டர் ஆய்வுப் படிவத்தை நீட்டினார்.
ஆறு பக்கம். ஆறிலும் கையெழுத்து.

ஊசியில் இருந்தது நிறமில்லாத தண்ணீர்.
அதற்குள் ஒரு எதிர்ப்பொருள், அதன் முதுகில்
சிர்கோனியம் எண்பத்தொன்பது.
முன்னதற்கு முகவரி தெரியும், வாய் கிடையாது.
பின்னதற்கு முகவரி தெரியாது,
போன இடத்திலிருந்து கூப்பாடு போடும்.
"இப்பவே படம் எடுக்க முடியாதா?"
"மெதுவாத்தான் போகும்மா, வீடு வீடாப் பாக்கணும்ல.
வெள்ளிக்கிழமை வாங்க."

திங்கள் போய் வெள்ளி வருவதற்குள்
பாதிக்கு மேல் தீர்ந்துவிடுமாம் அந்தக் கதிர்.
மாசமாயிருக்கும் மருமகளைத் தள்ளி இருக்கச் சொன்னார்கள்.
சோலைராஜ் அறை வாசலில் நின்றே கேட்டார்:
"இப்ப எங்க போயிருக்கும்?"
"ஆரப்பாளையம் தாண்டியிருக்கும்" என்றேன்.
சிரித்தார்.
சிரித்துவிட்டு, உள்ளே வராமலே போனார்.

புதன் ராத்திரி கரண்ட் போனது.
இருட்டில் அந்த வீடு வந்தது.
மீனாட்சிபுரம், வாய்க்கால் ஓரம், தகரக் கூரை.
எங்கள் ஆபீஸ் ஒயர்மேன் வீடு.
கம்பத்திலிருந்து நேராகக் கொக்கி.
உள்ளே இரண்டு கிரைண்டர் ஓட, மீட்டர் மட்டும்
செத்த பல்லி மாதிரி.
அவர் பெண்டாட்டி கெஞ்சவில்லை.
கிரைண்டரை நிறுத்திவிட்டு
மாவுக்கையோடு என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.
கதவு பூட்டியிருந்தது என்று எழுதினேன்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நாலு வருஷம்,
பூட்டு
பூட்டு
பூட்டு.

எனக்குள் நடந்துகொண்டிருக்கிறவளே,
என்னை மாதிரி இருக்காதே.
எவள் மாவுக்கையையும் பார்க்காதே.
திறந்து கிடக்கிற வீட்டைப்
பூட்டியதாக எழுதாதே.

வெள்ளிக்கிழமை குழாய்க்குள் போய் வந்தேன்.
திரையில் நான், கறுப்பு வெள்ளையில்.
இடது இடுப்பில் ஒன்று. முதுகுத்தண்டில் ஒன்று.
விலாவில் இரண்டு.
மண்டையோட்டில் கடுகளவு.
வயிற்றில் பெரிதாக எரிந்ததைக் காட்டினேன்.
"அது கல்லீரல்மா, எல்லாருக்கும் வரும்,
கணக்குல சேக்காதீங்க."
அப்போ ஐந்து என்றேன்.
"ஐந்து" என்றாள் அனீஸ்,
முதல் முறையாக என் கண்ணைப் பார்க்காமல்.

பயமில்லாமல் இல்லை.
ஆனால் ஒரு வீட்டையும் விடவில்லை அது.

கிளம்பும்போது ஒரு கருவியை என் மேல் காட்டினாள்.
கரகரவென்றது. அதுவும் மீட்டர்தான்.
"எவ்வளவு?"
சொன்னாள்.
கை தானாகப் பேனாவைத் தேடியது.
வெள்ளை அட்டை எங்கே இருக்கிறது எனக்கு?
மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு
தேதி, அளவு,
ஓரத்தில் என் சுருக்கொப்பம்.