நாற்பது மில்லி விநாடி

முதல் சர்வில் எல்லாம் சரி.
பந்து மட்டையில் படுகிறது,
சத்தமும் அங்கேயே இருக்கிறது.
இரண்டாம் ஆட்டத்தில் சத்தம் லேசாக முந்துகிறது,
உலை வைக்கும் முன்பே வந்து உட்கார்ந்த
விருந்தாளி மாதிரி.
ஐந்தாம் ஆட்டத்தில்
கூட்டம் ‘அடச்சே’ என்கிறது;
ஷொம்போர் இன்னும் மட்டையை ஓங்கவே இல்லை.

மிஷ்கோல்ட்ஸ் டிராம் பணிமனை, மேசைப்பந்துக் கழகம்.
முப்பத்தொரு டிவிடிகள், ஒரு பூட்ஸ் பெட்டியில்.
‘பென் டிரைவில் போட்டுக் கொடு, பொக்லார்கா.
ஆண்டு விழாவில் ஓட்டலாம்’ என்றார்
பொருளாளர் விதான்யி.
ஐந்தாம் ஆட்டத்தில் ஜெயித்தவர் அவர்தான்.

முதல் இரவு, சத்தத்தை மொத்தமாகப் பின்னால் தள்ளினேன்.
முடிவு பொருந்தியது, தொடக்கம் கெட்டது.
குட்டைப் போர்வை.
தலையை மூடினால் கால் குளிரும்.

பிறகுதான் புரிந்தது.
கேமராவில் ஒரு கடிகாரம்,
டேப்பை வட்டாக்கிய பெட்டியில் இன்னொன்று.
இரண்டும் பொய் சொல்லவில்லை,
ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவே.
ஐம்பது நிமிடத்தில் ஒரு விநாடிக்குச் சற்று மேல் இடைவெளி.
ஒலியை 1.00037 மடங்கு இழுத்தேன்.
யாருடைய குரலும் மாறவில்லை.
சமையலறையில் பூனை தும்மியது, அதுவும் நேரத்துக்கு.

இரண்டாம் இரவு ஒரு கீறல்.
நாற்பத்தேழாம் நிமிடம்,
வட்டை யாரோ காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள்.
அங்கே ஒலியில் ஒரு துண்டு காணோம்.
அதற்கப்புறம் எல்லாமே ஒரே அளவில் முன்னால்.
வெட்டினேன், மௌனம் செருகினேன், ஒட்டினேன்.
எவ்வளவு மௌனம்?
கையால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.
280 என்றாலும் பொருந்துகிறது,
320 என்றாலும்.

இனி அந்தப் புள்ளி.
பத்துக்கு ஒன்பது, விதான்யி முன்னிலை.
ஷொம்போர் அடித்த பந்து மேசையின் ஓரத்தை உரசியபடி
போகிறது, அல்லது உரசாமல் போகிறது.
விதான்யி வீசிய மட்டை மேசையில் இடிக்கிறது.
ஒரு ‘டிக்’. ஒன்றே ஒன்று.
நடுவர் கை விரித்தார்: வெளியே.
ஷொம்போர் அன்று பத்து நிமிடம் கத்தினான்.
அதற்குப் பிறகு கழகத்துக்கு வரவில்லை.

280 வைத்தால்
டிக் பந்து ஓரத்தில் இருக்கும்போது விழுகிறது.
320 வைத்தால்
அடுத்த ஃபிரேமில், மட்டை மேசையில் இருக்கும்போது.
நடுவே நாற்பது மில்லி விநாடி,
ஒரே ஒரு ஃபிரேம்,
அதில் என் விரல்.

விளக்கை அணைக்காமல் ரொம்ப நேரம் இருந்தேன்.
கடைசி டிராமும் போய்விட்டது.

வியாழன் மாலை ஷொம்போருக்கு ஃபோன் செய்தேன்.
ஏன் என்று எனக்கே தெரியவில்லை.
பேட்டரிக் கடையை அடைத்துவிட்டு வந்தான்,
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தான்.
74,316-ஆவது ஃபிரேமை நிறுத்திக் காட்டினேன்.

பந்தே இல்லை.
சீப்புப் பல் மாதிரி கிழிந்த வெள்ளை.
ஒற்றைக் கோடுகளில் பந்து மேசைக்கு இந்தப் பக்கம்,
இரட்டைக் கோடுகளில் அந்தப் பக்கம்.
அந்தக்கால வீடியோ அப்படித்தான், என்றேன்.
பாதிப் பாதியாக இரண்டு நொடித்துளிகளை
ஒரே படத்தில் பின்னி வைக்கும்.

மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தான்.
‘சத்தத்திலும் கோடு உண்டா?’
இல்லை, என்றேன்.

இரண்டையும் ஓட்டச் சொன்னான்.
280. 320.
மறுபடி 280.
நான்காம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.
அப்போது இரண்டும் ஒன்றுதான்.

போகும்போது, வாசலில் பூட்ஸை மாட்டியபடி,
‘அந்த மட்டை என்னோடது’ என்றான்.
‘எது?’
‘விதான்யி கையில இருந்தது.
அன்னைக்குக் காலையில கடன் குடுத்தேன்.’

பென் டிரைவ் மேசைமேல் இருக்கிறது.
நாளை விழா.
300 என்று ஒரு எண்ணும் இருக்கிறது,
அதை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.