ஒரு மிடறு

ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை
ஐந்நூறு டி பேருந்தில்
ஓர் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு போகிறேன்.
அய்ன் என்று பெயர். கண் என்று பொருள்.
குடியிருப்பதோ தொண்டையில்.
இயர்போன் குரல் இன்னும் கீழே, இன்னும் கீழே என்கிறது.
கண்டக்டர் குனிந்து பார்க்கிறார்:
"நீரு பேக்கா மேடம்?"

உயிரும் இடையினமும் மிடற்றில் பிறக்கும் என
ஒன்பதாம் வகுப்பில் ஒப்பித்து
இரண்டு மதிப்பெண் வாங்கியவள்தான்.
இது அந்த மிடறு இல்லை.
நோட்டில் அந்த ஒலிக்கு வெறும் புள்ளி வைத்தேன்.
வஜ, பிறகு புள்ளி. வலி என்று அர்த்தம்.

எங்கே என்பதற்குப் புத்தகத்தில் ஒரு சொல்.
டயாலிசிஸ் பிரிவுக்கு வரும் ஓமான்காரர்களோ
ஹேன் என்கிறார்கள்.
கோரமங்களா வகுப்புக்குக் கட்டிய ஆறாயிரம் ரூபாய்
அந்த ஹேனில் போயிற்று.

அறுவைக்கு முந்தின மாலை
சுவைனாவும் தம்பி கல்ஃபானும்
ஒரே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள்.
தமிழில் நீங்கள் என்றால் ஒருவரோ ஒன்பது பேரோ.
அரபியில் இரண்டே பேருக்கென்று ஒரு நீங்கள் உண்டு.
ஆசையாக எடுத்து நீட்டினேன்:
கைஃப ஹாலுகுமா?
சுவைனா சிரித்த சிரிப்பில் டிரிப் கம்பி ஆடியது.
செய்தி வாசிப்பவர்கள்கூட வீட்டுக்குப் போனால்
இப்படிப் பேச மாட்டார்களாம்.
ஆனாலும் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

மூன்றாம் இரவு, மணி மூன்று.
கற்றதெல்லாம் தூங்கிப்போய்
"வலி?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன்.
அவள் மெல்லத் தலையைத் திருப்பி
கண்ணாடித் தடுப்புக்கு அப்பால்
குழாய்களுக்கு நடுவே கிடந்த கல்ஃபானைக் காட்டினாள்.

எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று.
அவர்கள் படிவத்தில் வலி என்றொரு கட்டம் உண்டு.
காப்பாளர், உடன் நிற்பவர்,
பெயரும் உறவும் எழுத வேண்டிய இடம்.

ஊசி என் கையில் இருந்தது.
பதிலும் தப்பில்லைதான்.

பிறகு கேட்டேன்: வஜ
அப்புறம் அந்தப் புள்ளி.
எங்கிருந்து வந்ததோ, வந்துவிட்டது.
அவள் திருத்தவில்லை.
இடது விலாவுக்குக் கீழே கையை வைத்தாள்.

காலையில் பேருந்தில் சொல்லிப் பார்த்தேன்.
வரவில்லை.
கண்டக்டர் பாட்டிலை நீட்டினார்.
இந்த முறை வாங்கிக் குடித்தேன்.