மருந்துக்கடை, பர்ரா

காலை எட்டரைக்கு ஷட்டரை ஏற்றும்போது
விரல் ஒட்டிக்கொள்கிற குளிர்.
எனக்கு முன்னால் விழித்தவை
ரொட்டிக்கடையின் புகைபோக்கியும்
கம்பளி மூட்டை ஏற்றிய ஒரு லாரியும்.

சரித்திர ஊர் என்று
பழுப்புப் பலகைகளில் எழுதியிருக்கிறார்கள்.
சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முன்பணம் கட்டினால்
ஒரு சாவி கிடைக்கும்.
பழைய சிறையைத் தாங்களே திறந்து
தாங்களே பூட்டிக்கொண்டு வரலாம்.
திருப்பித் தர மறந்தவர்களின் சட்டைப்பையில்
பாதி ஊர் அடிலெய்டுக்குப் போய்விடும்.
பிறகு தபாலில் திரும்பும்.

நான் படித்த ஊர் வேறு.
அது மருந்துச் சீட்டுகளில் இருந்தது.
முப்பது வருடம் ஆட்டின்மேல் குனிந்த முதுகுகள்.
மண்சாலைத் தூசி குடித்த நெஞ்சுகள்.
மழை பொய்த்த வருடத்தில்
தூக்க மாத்திரை கேட்கும் கோதுமைக்காரர்கள்,
"எனக்கில்லை, மனைவிக்கு."
மழை பெய்த வருடத்தில்
மனைவி தூங்கினாளா என்று
ஒருவருக்கும் கவலையில்லை.

செம்பு இருந்த காலத்தில்
ஓடைக்கரையைக் குடைந்து குடியிருந்தார்களாம்.
வெள்ளம் வந்து பாயைச் சுருட்டுமாம்.
செம்பு போய்
குழியில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது.
அதைப் பற்றிப் பேச இங்கே நேரமில்லை.
"உங்கள் பக்கம் எத்தனை மில்லிமீட்டர்?"
இந்த ஊரில் வணக்கம் அப்படித்தான்.

மெர்வ் ட்ரெஜென்சா
சாலை சமன் செய்யும் வண்டி ஓட்டியவர்.
மாதம் ஒரு செவ்வாய் வருவார்,
தொப்பியைக் கழற்ற மாட்டார்.
அழுத்தத்துக்கு இரண்டு, கொழுப்புக்கு ஒன்று.
கிழமைக்கொரு கட்டமாய்
நானே அடைத்து ஒட்டிய அட்டைகள்.
"ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?"
"கடிகாரம் மாதிரி."
என் பெயர் பொற்கொடி.
நான்கு வருடத்தில்
போர்க்கோடி வரை வந்து சேர்ந்திருந்தார்.

ஆகஸ்டில் போய்விட்டார்.
அடக்கம் முடிந்த மறுநாள் லோர்னா
ரொட்டிப் பையொன்றில்
மிச்ச மருந்தைக் கொண்டுவந்து வைத்தாள்.
பதினோரு அட்டைகள்.
ஞாயிற்றுக் கட்டங்கள் மட்டும்
கிழிந்திருந்தன.

"ஞாயிறு காலை மேசையில்
நான் எதிரே இருப்பேன்," என்றாள்.
சிரிப்பு பாதியில் எங்கோ இடறியது.

அறுபத்தாறு நாள். எண்ணிப் பார்த்தேன்,
எண்ணுவதுதானே என் தொழில்.
அப்படியென்றால்
மாதாமாதம் எதற்கு வந்தார்?
கேட்கவில்லை. அவளே சொன்னாள்:
"உன் கடை ஹீட்டர் நல்ல ஹீட்டர்."

மாத்திரைகளைக் கழிவுத் தொட்டியில் கொட்டினேன்,
சோளப்பொரி போலச் சத்தம்.
லோர்னா அட்டைகளைத் திரும்பக் கேட்டாள்.
விதைப் பொட்டலம் பிரித்து வைக்க ஆகுமாம்,
எதையும் எறியக் கூடாது இந்த ஊரில்.

வாசல் மணி அடித்தது.
ஈயன் நான்கிவெல், ஈரச் சப்பாத்து,
கையில் சீட்டு இருந்தும் நீட்டாமல்
"ராத்திரி எத்தனை?" என்றான்.

என் வேலியில் ஒரு மழைமானி இருக்கிறது.
கேட்காமலே வந்து, கோணலாக
ஆணியடித்துப் போனவர் மெர்வ்.
விடியலில் டார்ச் அடித்துப் பார்த்திருந்தேன்.

"நாலரை," என்றேன்.
"கோணலுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்."