பூஜ்ஜியம் பிடிப்பவன்

டேப்பின் பூஜ்ஜிய முனை என் கையில்.
மறுமுனையோடு சர்வேயர் மொட்டைமாடியில்.
மேலமாசி வீதியை ஒட்டிய சந்து,
கெங்காராம் ஜவுளிக்கடை.

கோபுரத்தைச் சுற்றி
ஒன்பது மீட்டருக்கு மேல் எவரும் நிமிரக் கூடாது.
நல்ல விதிதான்.
என் வாடகை வீட்டு ஜன்னலில்
இன்னமும் ஒரு கலசம் தெரிவது அதனால்தான்.

கடைத் தரையில் வைத்துப் பிடித்தேன்.
ஒன்பது முப்பது என்று எழுதினார்கள்.
நோட்டீஸ் பசை காயுமுன்
உலகனேரிக்குப் பஸ் ஏறிவிட்டார் கெங்காராம்.

வக்கீல் ஜெசிந்தா கேட்டது ஒன்றுதான்:
தரை எது?

தேர்தலுக்கு ஒரு பூச்சு, திருவிழாவுக்கு ஒரு பூச்சு,
பழசைச் சுரண்டாமல் தார்மேல் தார்.
மூன்று படி ஏறிப் போன கடைக்கு
இப்போது இரண்டு படி இறங்க வேண்டும்.
"வீதியிலிருந்து அளந்தால் என் கட்சிக்காரர் விதிக்குள்தான் இருக்கிறார்.
அவர் உயரவில்லை,
நீங்கள்தான் அவரைப் புதைத்திருக்கிறீர்கள்."

அரசு வக்கீல் ஃபைலைப் புரட்டினார்.
விதியில் உயரத்துக்கு எண் இருந்தது,
தரைக்கு ஒரு சொல்கூட இல்லை.
நோட்டீஸ் ரத்து. மனுதாரரைக் கேட்டு
மறுபடி அளக்க உத்தரவு.

இன்று வந்திருக்கிறோம்.
சந்து முனையில் ரோலர்.
புதுத் தார் புகைகிறது, செருப்பு ஒட்டுகிறது.
"சார், எங்க வைக்க?"
மாடியிலிருந்து பதிலே இல்லை.

கெங்காராம் வெளியே வந்து
ரோலர்க்காரனுக்கு டீ நீட்டுகிறார்.
"நல்லாக் கனமாப் போடுப்பா."

ஐப்பசி மழைக்கு
அவர் கடைக்குள்தான் தண்ணீர் இறங்கும்.
அது அவருக்கும் தெரியும்.