நாற்பத்திரண்டு நாளைக்குள்

நாற்பத்திரண்டு நாளைக்குள் பதியவேணும் என்று
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு
ஏழு வருடமாகச் சொல்லிவந்தவள் நான்.
இன்றைக்கு என் மகளுக்கு முப்பத்தெட்டு.
வீட்டில் அவள் இன்னும் 'பிள்ளை'.
கிளினிக் அட்டையில் 'கௌதமியின் பிள்ளை'.

அந்தக் கௌதமியே ஒரு வழக்கு.
பிறப்புச் சான்றிதழில் கௌதமி,
பள்ளிக்கூடச் சான்றிதழில் கவுதமி,
அடையாள அட்டையில்
கெ, ள, த, மி.
மூன்று பேரும் ஒருத்திதான் என்று
சத்தியக் கடதாசி முடித்த பிறகுதான்
கந்தோரில் எனக்குக் கதிரை தந்தார்கள்.

கொக்குவிலில் எண் பார்ப்பவர்
ஐந்தில் முடியவேணும், 'ஷ' வந்தால் விசேஷம் என்றார்.
ஸ்காபரோ மச்சாள் வட்ஸ்அப்பில் பதினேழு அனுப்பினாள்;
வாசிக்க மருந்துக்கடைத் தட்டுப்போல் இருந்தது.
பாரிஸ் சித்தப்பா,
"ழ மட்டும் வேண்டாம், இங்க ஒருத்தருக்கும் வராது."
அங்கேதானா என்று நான் கேட்கவில்லை.
தவநேசன்
"நாளுக்கு முப்பது பெயர் எழுதுறனி,
உனக்குத் தெரியாததோ" என்றுவிட்டு
தொட்டிலுக்கு நுளம்புவலை கட்டினான்.

தெரியும், அதுதான் கரைச்சல்.
போன தையில் ஒரே கிழமைக்குள்
நான்கு தாய்மார் ஒரே பெயரோடு வந்தார்கள்.
உலகத்தில் வேறு ஒருத்தருக்கும் இல்லை என்று
நான்கு பேரும்
காதுக்குள் சொல்வதுபோல் சொன்னார்கள்.
நான் நான்கு தரமும் வடிவான பெயர் என்றேன்.

எனக்கு வேண்டியது
படலையில் நின்று ஒரு மூச்சில் கூப்பிடக்கூடியது.
எழுபது வயதில், பெரியாஸ்பத்திரி வாங்கில் இருக்கையில்
தாதி உரத்துக் கூப்பிட்டாலும்
கூசாமல் எழும்பக்கூடியது.

லீவு எடுப்பதற்கு முந்தின கிழமை
காணி வழக்கொன்றுக்காக ஒருவர் வந்து
ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்றைக் கேட்டார்.
பூச்சி அரித்த தாள். நீல மை மண்ணிறமாகியிருந்தது.
அவர் தேடிய பதிவுக்கு இரண்டு பதிவு முன்னால்:
பெண். கொண்டல்.
தகப்பன் தொழில், கடல். ஊர், மயிலிட்டி.
முன்னுக்கு ஒரு தெய்வம் இல்லை,
பின்னுக்கு ஒரு அம்மாள் இல்லை.
வாடை இருக்க, சோளகம் இருக்க, கச்சான் இருக்க
கிழக்கிலிருந்து முகிலோடு வருகிறதைப் பிடித்து
ஒரு மனிசன் மகளுக்கு வைத்திருக்கிறான்.
எழுதினவர் கட்டாயம்
பேனையை நிறுத்தி ஒருக்கால் நிமிர்ந்திருப்பார்.

"பள்ளிக்கூடத்தில கொண்டை எண்டுவாங்கள்."
"என்னைக் கௌளி எண்டவங்கள். செத்தே போனன்?"
தவநேசன் சிரித்தான்.
பிறகு வலையின் ஓட்டையொன்றை முடிந்துகொண்டே,
"அந்தப் பிள்ளை... பிறகு இருந்ததோ?"

இறப்புப் புத்தகங்கள் அடுத்த அலுமாரியில், மேல்தட்டில்.
திறப்பு என் லாச்சிக்குள்.
அன்றைக்கே பார்த்திருக்கலாம்.
கதிரையில் ஏறுகிற வயிறோ அது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அவனுக்கு, "லீவில நிக்கிறன்" என்றேன்.

நாற்பத்தோராம் நாள்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான்.
என் கதிரையில் ஜெனிற்றா அக்கா,
பாமினியில் தட்டிப் பழகின கை.
பிள்ளையைத் தோளில் போட்டபடி எழுத்துக்கூட்டினேன்.
திரையில் வந்தது: கெண்டல்.

"காலை விட்டிட்டியள் அக்கா."
"எட, அரவோ" என்று தட்டினாள்.
காலென்றாலும் காற்றுத்தான் என்று
ஆருக்காவது சொல்லவேணும்போல் இருந்தது.
வரிசை வாசல்வரை நின்றது.

தாளை மூன்று தரம் வாசித்தேன்.
கொம்பு, கால், குற்று எல்லாம் இருந்தன.
அவள் என் சட்டைக்குப் பின்னால் பால் கக்கினாள்.

ஓட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்து
"என்ன பேர் பிள்ளைக்கு?" என்றான்.
சொன்னேன்.
"என்ன?"
எஞ்சின் சத்தம்.
இன்னொருக்கால் சொன்னேன்,
முதன்முதலாக உரத்து.