அரைப்பேர்

நுளம்பின் குடலைக் கண்ணாடியில் விரித்தேன்.
சுவரோரம் ஐந்து கறுத்த புள்ளி.

துளைத்து வந்த ஒட்டுண்ணியின் முதுகில்
ஒரு புரதம் பற்றிப் பேர் பதிந்திருக்கிறது;
பிறகு மெலனின்,
உயிரோடு தார் பூசினாற்போல.
யாரையும் காப்பாற்ற அல்ல.
தன் குடல், அவ்வளவுதான்.

பதுளைப் பனியில், தெமோதரை பேக்டரியிலிருந்து
ராவேலை முடிந்து வந்த ஜெசிந்தாவின் கூந்தலில்
ரோதையில் நசுங்கிக்
காற்றுப்பட்டுக் கறுத்த கொழுந்தின் வாசம்.
"ரெண்டும் ஏறக்குறைய ஒரே ரசாயனம்" என்றேன்.

கண்ணை இடுக்கி லென்ஸுக்குள் பார்த்தாள்.
"ஆறாவதா ஒண்ணு இருக்கே,
கறுக்காம, தண்ணிக் கொப்புளம் மாதிரி?"

இருந்தது.
எண்ணிக்கையில் நான் விட்டது;
நுளம்பும் விட்டது.

"அப்போ இன்னைக்கு இதுக்கு
அரைப்பேர்தான்" என்றாள்,
சால்வையை இழுத்துப் போர்த்தியபடி.