மூன்றாம் மாடி, இடப்பக்கம்

நான் இரண்டாம் மாடி.
காகித ஆலையில் இரவு வேலை.
செத்தூபல் நகரம் மத்தி மீன் வாங்கக் கிளம்பும் நேரத்தில்
சன்னலை இழுத்து மூடிவிட்டுப் படுப்பவன்.

நூரியா காலாது குடிவந்த வாரம்
என் கூரை விளக்கு ஆடியது.
தட். தட்.
நீண்ட இடைவெளி.
தட்.
மேசையை நகர்த்துகிறாள் என்று நினைத்தேன்.
ஆறாவது நாளுமா ஒருத்தி மேசையை நகர்த்துவாள்?
துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தேன்.
சத்தம் நின்றது.
பிறகு முதலிலிருந்து தொடங்கியது.

மாடிப்படியில் மடக்கிக் கேட்டேன்.
"கராத்தே. கதா" என்றாள்.
யாரோடு சண்டை?
"யாரோடும் இல்லை.
நாலு பக்கமிருந்தும் வருவார்கள்,
ஆனால் இருக்க மாட்டார்கள்."
கையில் வெங்காயப் பை.
இப்படிச் சொல்பவளிடம்
வாடகை ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவை எடுத்துக் காட்டுவது?

பதினோரு வருடம்.
அவள் திரும்பும் இடத்துக்கு நேர் கீழே
என் சுண்ணாம்பு வெடித்தது, பூசினேன், வெடித்தது.
போட்டி நெருங்கினால் விடியற்காலை மூன்று தடவை.
ஞாயிறும் உண்டு.
தோற்று வந்தால் இரண்டு நாள் ஒன்றுமே இருக்காது,
மூன்றாம் நாள் முதல் அடி மட்டும்,
அந்த ஒரே அடி, நாற்பது முறை.

மூன்று நீலக் கொடி, இரண்டு சிவப்பு.
அவள் சிவப்பு.
அடுத்த வருடமும் அப்படியே.
பிறகு கொடிகள் போய்ப் புள்ளிகள் வந்தன.
0.06-இல் தோற்றேன் என்றாள் அஞ்சல் பெட்டி அருகில்.
எங்கள் ஆலையின் மெல்லிய தாள் அவ்வளவு தடிமன்தான்,
மில்லிமீட்டரில்.
சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டேன்.
அந்தத் தாளைக் கடக்க
எட்டு மாதம் என் தலைமேல் குதித்தாள்.

உன்சு என்று ஒரு கதா.
அதில் ஒரு தாவல், காற்றிலேயே ஒரு முழுச் சுற்று.
இறங்கும்போது கையும் காலும்
ஒரே சத்தமாக விழும்.
ஒரு மார்ச் மாதம் அந்தச் சத்தம் இரண்டாகப் பிரிந்தது.
மயிரிழைதான்.
மறுநாளும் பிரிந்தது.
போர்த்திய கம்பளியோடு மேலே போய்க் கதவைத் தட்டினேன்.
"உன் இடது கால் பிந்துகிறது."
என்னைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்த்தாள்.
"வீடியோவில் தெரியவில்லையே."
வீடியோ எனக்குத் தெரியாது.

சவ்வு கிழிந்திருந்தது. லிஸ்பனில் அறுவை.
அந்த விளையாட்டுக்கு ஒலிம்பிக்கில்
ஒரே ஒரு தடவை கதவு திறந்தது அந்தக் கோடையில்தான்.
இவள் கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் நீட்டி
மேலே சோபாவில்.
ஜப்பானிய அறிவிப்பாளரின் குரல் மட்டும்
கூரை வழியே கசிந்தது.
நான் நன்றாகத் தூங்கியிருக்கலாம்.
அந்த நான்கு மாதமும் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வெண்கலம், பெல்கிரேடில்.
முப்பத்திரண்டு வயதில்.
வாசலில் நின்று காட்டினாள், கனமாக இருந்தது.
"போட்டியைப் பார்க்கிறீர்களா?" என்று போனை நீட்டினாள்.
வேண்டாம், கேட்டிருக்கிறேன் என்றேன்.
அவள் சிரித்தது அன்றுதான்.

இப்போது பல் ஆய்வகத்தில் வேலை.
செயற்கைப் பற்களுக்கு நிறம் பார்க்கிறாளாம்.
செருப்போடு நடக்கிறாள், நேராக, சமையலறைக்கு, திரும்ப.
சுண்ணாம்பு உதிர்வதில்லை.

அதிகாலை மூன்று மணி, ஆலையில் இயந்திரம் நின்ற இடைவேளை.
காகிதச் சுருள்களுக்கு நடுவே,
ஐம்பத்தெட்டு வயது, தொந்தி, பாதுகாப்புக் காலணி,
வலது காலை எடுத்து வைக்கிறேன்.
தட். தட்.
நீண்ட இடைவெளி.
இடப்பக்கமிருந்து ஒருவன் வருகிறான்.
எப்போது வருவான், எத்தனை அடியில் விழுவான்,
எல்லாம் தெரியும்.
கைகளை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.
அந்த ஒரு தாவலைத் தவிர
பதினோரு வருடத்தில் கைகள்
எனக்கு ஒன்றுமே சொன்னதில்லை.